வனராஜ் ஓட்டின ஜீப்பு

பாக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான், தம்பி. அம்புட்டுத் தொலவு வந்து, மனுக் குடுத்து, ஜெயில் வாசல்ல வெயில்ல நின்னு, கடைசியில ஒரு வார்டர் வந்து, "பெரியவரே, அவருக்கு உங்களைப் பாக்க இஷ்டம் இல்லையாம், கிளம்புங்க"ங்குறாரு. இந்தப் பையில இருக்குறது அம்புட்டும் அவனுக்கு வாங்குனது. பன்னீர் திராட்சை, எங்க ஊருப் பழம். எடுத்துக்கங்க. கூச்சப்படாதீங்க, கம்பம் போறதுக்குள்ள நசுங்கிப் போயிரும்.

நீங்க தேனியில இறங்குறீகளா? சரி, சரி. போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. கரண்ட் ஆபீஸ்ல வேலையா? அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். வக்கீலுக்கு இது புரியல. போலீசுக்குப் புரியல. எங்க வீட்டுக்காரிக்குச் சுத்தமாப் புரியல. கரண்டு சமாச்சாரம் தெரிஞ்ச ஆளுக்குத்தான் இது புரியும். கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

எம் பேரு தெய்வேந்திரன். கம்பத்துல ஒரு ஜீப்பு வச்சிருக்கேன். பழைய ஜீப்புதான், ஆனா நானே உக்காந்து உருவாக்குன வண்டி. எங்க ஊர்லருந்து பொம்பளையாளுக தினம் மலையேறி, மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போவாக. காலையில ஏத்திட்டுப் போகணும், சாயங்காலம் இறக்கிட்டு வரணும். நானே வருசக்கணக்கா ஓட்டுனேன். முட்டி தேஞ்சு போச்சு, கிளச்ச மிதிச்சா உசிர் போகுது. அப்புறந்தான் வனராஜைப் போட்டேன். அவந்தான் இப்ப உள்ள இருக்குறது.

நல்லா ஓட்டுவான். அதைச் சொல்லணும். குடிக்க மாட்டான், பீடி சிகரெட்டு கிடையாது. அவன் பொண்டாட்டி பவுன்தாய், அவளும் அதே வண்டியிலதான் தோட்டத்துக்குப் போவா. முன்னாடி சீட்டுல, அவனுக்கு இடது பக்கம். அவளுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பொம்பளையை ஏத்தலாம்னு நான் சொல்லியிருக்கேன். "கியர் போட இடமில்லைண்ணே"ம்பான். சரின்னு விட்டுருவேன். அந்த அளவுக்கு விட்டுக் குடுத்து வச்சிருந்தேன்.

போன வருசம் ஆடிச் சாரல் பிடிச்ச நேரம். ஒரு நாள் வண்டியைக் கொண்டாந்து விட்டவன், சாவியைக் குடுக்காம நிக்குறான்.

"என்னடா?"

"அண்ணே, இறங்கி வர்றப்ப லைட்டு பூராம் போயிருச்சுண்ணே. ஹெட்லைட்டு, வைப்பரு, ஹாரனு எல்லாம் ஒண்ணா. எஞ்சின் ஓடுது, ஆனா கண்ணு தெரியல. ரெண்டு வளைவு அப்படியே வந்தேன். அப்புறம் தானா வந்துருச்சு."

டீசல் எஞ்சினுக்குத்தான் ஓடுறதுக்குக் கரண்டு தேவையில்லையே. அது பாட்டுக்கு ஓடும். உங்களுக்குத் தெரியும்.

நான் உடனே பானெட்டைத் தூக்குனேன். சும்மா இருக்கல தம்பி, அதை முதல்ல மனசுல வச்சுக்கங்க. பியூசைக் கழத்தித் தேச்சு மாட்டுனேன். பின் சீட்டைத் தூக்கிப் பாத்தா பேட்டரி முனையில பச்சை பூத்திருந்துச்சு, வெந்நீர் ஊத்திக் கழுவி, வாசலின் தடவி முடுக்குனேன். லைட்டைப் போட்டேன். பளிச்சுனு எரியுது. ஹாரன் அடிச்சேன். தெருவே திரும்பிப் பாத்துச்சு.

"எங்கடா போகுது? பாரு"ன்னேன்.

பாத்தான். சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டான்.

ரெண்டு மூணு நாளு நல்லா இருந்துச்சு. திரும்ப வந்து நிக்குறான். "போயிருச்சுண்ணே." நான் திரும்பப் போட்டுப் பாக்குறேன், எரியுது. அன்னைக்கே சூசைகிட்ட அனுப்புனேன். சூசைன்னா ராயப்பன்பட்டிக்காரன், எங்க பக்கம் வயரிங் வேலைக்கு அவனை விட்டா ஆள் இல்ல. என் வயசு, என் சோட்டு ஆளு. அவன் டெஸ்ட் பல்பை வச்சு ஒவ்வொரு இடமாக் குத்திப் பாத்தான். எல்லா இடத்துலயும் கரண்டு இருக்கு. எர்த் வயரை மாத்துனான். வயரைப் பிடிச்சு ஆட்டி ஆட்டிப் பாத்தான். எரிஞ்சுகிட்டேதான் இருக்கு.

"தெய்வேந்திரா, இருக்குற கோளாறைப் பிடிச்சிரலாம். வந்து வந்து போற கோளாறைப் பிடிக்கவே முடியாது. அது என் கண்ணு முன்னாடி வரணும்"னான்.

சரி, வரவைப்போம்னு நானே கிளம்பிட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை, தோட்டம் லீவு. முட்டியில துணியைச் சுத்திக்கிட்டு, நானே வண்டியை எடுத்துட்டு மலையேறுனேன். நல்ல மழை. மேல போயி, ஒரு டீயைக் குடிச்சுட்டு, இருட்டுற வரைக்கும் இருந்து, இறங்கி வந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சேன். பள்ளத்துல வேணும்னே விட்டு ஏத்துனேன். ஒண்ணும் ஆகல தம்பி. கண்ணு மாதிரி வந்துச்சு வண்டி.

மறுநாள் வனராஜைக் கூப்புட்டுச் சொன்னேன். "நேத்து நானே ஓட்டிப் பாத்தேன்டா. ஒண்ணும் இல்ல."

அதுக்கு அவன் சொல்றான், "தனியாப் போனீகளாண்ணே?"

"ஆமா."

"ஆளு இருந்தாத்தாண்ணே போகுது. நானும் கவனிச்சுட்டேன். வெறும் வண்டியில போறதே இல்ல. ஆளை ஏத்தி, வண்டி அமுங்குனாத்தான் போகுது. காலையில ஏத்திட்டுப் போறப்பக்கூட ஹாரன் அடிக்கல. வெளிச்சத்துல நமக்குத் தெரியல, அம்புட்டுத்தான். கொஞ்ச நாளைக்கு ஆளைக் குறைச்சு ஏத்துவோமாண்ணே?"

இப்ப நீங்க சொல்லுங்க. கரண்டுக்கும் ஆளுக்கும் என்ன சம்பந்தம்? ஆளு ஏறுனா டயர் அமுங்கும், ஸ்பிரிங் பட்டை அமுங்கும். லைட்டு அமுங்குமா? எனக்கு அப்படித்தான் தோணுச்சு. யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் தோணும். அதுவும் 'ஆளைக் குறைப்போம்'னு ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க, அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. பின்னாடி நெருக்கமா இருக்குன்னு பொம்பளைக ரொம்ப நாளாப் பொலம்பிக்கிட்டு இருந்தாக. சரி, எல்லாரும் சேந்து பேசி வச்சுக்கிட்டு, இவனைத் தூது விட்டிருக்காகன்னு நெனச்சேன். பொண்டாட்டியும் அதுல ஒருத்தி இல்லையா.

"நீ பக்கத்துல உக்காரு, நான் ஓட்டுறேன், எங்க போகுதுன்னு காட்டு"ன்னேன்.

போனோம். அவனும் நானும் மட்டும். ஒண்ணும் போகல. இறங்கி வந்ததும் அவன் மொகத்தைப் பாத்தேன். செத்துப் போச்சு.

"அண்ணே, ஆளுக இருக்குறப்ப ஒரு நாளு வாங்க. உங்க கண்ணால பாருங்க"ன்னான்.

நான் எங்கிட்டு உக்காருறது? நான் ஒரு ஆளு ஏறுனா ஒரு பொம்பளையை இறக்கணும். இறக்குனா அவளுக்கு அன்னைக்கு வேலை போச்சு. அதையும் யோசிக்கணுமில்ல? என் முட்டி வேற. போறேன், போறேன்னு சொன்னேன். போக முடியல. அதுக்குள்ள இன்னொண்ணு நடந்து போச்சு.

பவுன்தாய் சந்தையில ஒரு டார்ச் லைட்டு வாங்கியிருக்கா. பெரிய லைட்டு, காவக்காரன் வச்சிருப்பானே, அது மாதிரி. வண்டியில லைட்டு போனா இவ கையை வெளிய நீட்டி, ரோட்டு மேல அடிப்பாளாம். பின்னாடி இருக்குற பொம்பளைக எல்லாம் எதுக்கால வர்ற வண்டிக்குக் கேக்குறதுக்குக் கூப்பாடு போடுவாகளாம். அப்படியே இறங்கி வந்திருக்காக, பல நாளு. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளு டீக்கடையில நிக்குறேன், ஒருத்தன் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றான்: "தெய்வேந்திரன் ஜீப்பு வருதுடோய், பொம்பளைக கொலவை போட்டுக்கிட்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு வர்றாக." கடையே சிரிக்குது.

எனக்கு எப்படி இருக்கும்? எத்தனை வருசமா அந்த ரோட்டுல ஓட்டியிருக்கேன். என் வண்டியைப் பாத்து ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல.

அன்னைக்கே சூசைகிட்ட வண்டியை விட்டு, "எதை மாத்துவியோ மாத்து, இதோட இந்தப் பேச்சு முடியணும்"னுட்டேன். அவன் மெயின் ஸ்விட்சைப் புதுசாப் போட்டான், பியூஸ் பெட்டியைப் புதுசாப் போட்டான். "எனக்கு இன்னும் திருப்தி இல்ல தெய்வேந்திரா. பின்னாடி தகரத்தைப் பிரிச்சு ஒரு தடவை பாத்துருவோம். ரெண்டு நாளு வண்டி நிக்கட்டும்"னான். ஏலக்காய் எடுக்குற நேரம் தம்பி. வண்டியை நிப்பாட்டுனா ஆளுக வேற வண்டிக்குப் பழகிரும். அப்புறம் திரும்பி வராது. "சாரல் முடியட்டும், பிரிப்போம்"னேன். பிரிக்க மாட்டேன்னு நான் சொல்லல. முடியட்டும்னுதான் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வண்டி வந்து நின்னதும் நான் பவுன்தாய்கிட்டப் போனேன். "இனி இந்த டார்ச்சு எதுக்குத்தா? எல்லாம் புதுசு மாத்தியாச்சு. அதைக் குடு, வீட்டுல இருக்கட்டும்"னேன். அவ புருசன் மொகத்தைப் பாத்தா. அவன் ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான். எடுத்துக் குடுத்துட்டா. பிடுங்குனேன்னு ஊர்ல பேசுறாக. நானா பிடுங்குனேன்? கேட்டேன், குடுத்தா. அம்புட்டுத்தான்.

வனராஜ் சாவியைக் குடுக்குறப்ப ஒண்ணு சொன்னான். "அண்ணே, நாளையிலருந்து நான் வரலண்ணே"ன்னான்.

"எந்த வண்டிக்குப் போறே?"ன்னு கேட்டேன். அந்தப் பருவத்துல எந்த வண்டியும் காலி இல்ல. எல்லாத்துக்கும் ஆளு இருக்கு. "உம் பொண்ணு காலேசு சேந்திருக்கு. இப்பப் போயி வேலைய விடுறேங்குறியே. நீ விட்டாலும் வண்டி நிக்கப்போறதில்ல. நான் வேற எவனாச்சும் சின்னப் பயலைப் போட்டு ஓட்டுவேன். உம் பொண்டாட்டியும் அந்த ஆளுகளும் அவன்கூடப் போகட்டும், பாப்போம்"னேன். கோவத்துல சொல்றதுதான. மறுநாள் காலையில பாத்தா, வழக்கம்போல வந்து வண்டியைத் தொடைச்சுக்கிட்டு இருக்கான். எனக்குச் சந்தோசமாப் போச்சு. பய புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

உசிலம்பட்டி வந்துருச்சா? தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

அந்த வாரத்துலதான் நடந்துச்சு. சாயங்காலம், மேல நல்ல மழை, மூட்டம். செக்போஸ்ட்லருந்து எனக்குப் போன் வருது. "அண்ணே, உங்க வண்டி இடிச்சிருச்சு, வாங்க." ஒரு ஆட்டோவைப் பிடிச்சு மேல போனேன். போற வழியெல்லாம் வண்டி பள்ளத்துல போயிருச்சோன்னுதான் நெனச்சுக்கிட்டே போனேன். அந்த இடத்துல வலது பக்கம் பள்ளம் தம்பி. கீழ பாத்தா தோப்பெல்லாம் கோலப்பொடி மாதிரித் தெரியும். இடது பக்கம் மலை.

அவன் இடது பக்கம் ஒடிச்சிருக்கான்.

பின்னாடி இருந்த பொம்பளைக எல்லாம் சொன்னாக. லைட்டு டப்புன்னு போயிருச்சு, ஒண்ணும் தெரியல, எதுக்கால ஏதோ வண்டி வர்ற சத்தம் கேக்குது, இவன் பிரேக்கை மிதிக்குறான், பின்னாடி பாரம் தள்ளுது, "பிடிச்சுக்கங்க"ன்னு ஒரே கத்து, பாறையில கொண்டுபோய் அடிச்சு நிப்பாட்டிட்டான். ஒருத்திக்குக் கை ஒடிஞ்சுது, இன்னொருத்திக்கு மண்டையில தையல். மத்தபடி பின்னாடி இருந்த அம்புட்டுப் பேரும் உசிரோட இறங்கிட்டாக. பாறை இடிச்சது இடது பக்கம் முன்னாடி. அங்கதான் பவுன்தாய் உக்காந்திருந்தா.

நான் போறப்ப வனராஜ் ரோட்டோர ஓடையில உக்காந்திருந்தான். மழைத்தண்ணி அவன் இடுப்பைச் சுத்தி ஓடுது. அவ தலையை மடியில வச்சிருந்தான். அழுகல. அவ காதுல இருந்த மண்ணை ஒரு வெரலால எடுத்துக்கிட்டே இருந்தான்.

எனக்கும் நெஞ்சு வெடிச்சுருச்சு தம்பி. நானும் மனுசன்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க நம்ப மாட்டீங்க. வண்டியில வலது பக்க லைட்டு எரியுது. ஆளு பூராம் இறங்கி ரோட்டுல நிக்குது, வெறும் வண்டி பாறையில முட்டிக்கிட்டு நிக்குது, லைட்டு பளிச்சுனு பாறை மேல எரியுது. வைப்பரு கூட ஓடுது, கண்ணாடியே இல்ல, கம்பி மட்டும் இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுது. என் வாயில வந்துருச்சு. "லைட்டு எரியுதேடா வனராஜு"ன்னுட்டேன்.

தலையை நிமித்தி அந்த லைட்டைப் பாத்தான். அப்புறம் என்னையப் பாத்தான். அதுக்கப்புறம் அவன் என்கூடப் பேசவே இல்ல.

நான் சொன்னது தப்பாத் தெரியுதா உங்களுக்கு? எரிஞ்சதைத்தான எரியுதுன்னு சொன்னேன்.

போலீஸ் வந்துச்சு. ஆள் கூட ஏத்துனதுக்கு என் மேலயும் ஒண்ணு போட்டாக, அது அபராதத்தோட போச்சு. அவன் மேல, கவனமில்லாம ஓட்டி உசிர்ச்சேதம்னு கேசு. வண்டியை ஸ்டேசன்ல நிப்பாட்டி, இன்ஸ்பெக்சனுக்கு ஆளு வந்தாரு. நானும் கூட நின்னேன். அவரு ஏறி உக்காந்தாரு. ஹாரன் அடிச்சாரு, அடிக்குது. மிச்சமிருந்த லைட்டைப் போட்டாரு, எரியுது. பிரேக்கு பிடிக்குது. வண்டியில எந்தக் கோளாறும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரு. பொம்பளைக ஸ்டேசன்ல "வெளிச்சம் போயிருச்சு, போயிருச்சு"ன்னு சொன்னாக. மூட்டத்துல வெளிச்சம் தெரியலைன்னு எழுதிக்கிட்டாக.

அவன் ஜாமீன்ல வந்து வீட்டுல கெடந்தான். லைசென்சைப் பிடிச்சு வச்சுட்டாக. நான் ரெண்டு தடவை பாக்கப் போனேன். பொண்ணுதான் கதவைத் தொறக்கும். "அப்பா தூங்குறாங்க"ங்கும். பகல் நேரத்துல என்ன தூக்கம்? சரி, துக்கம் இருக்குற வீடுன்னு வந்துருவேன்.

வண்டியை மீட்டுட்டு வந்து சூசைகிட்ட விட்டேன். அடிபட்ட வண்டி, பூராத்தையும் பிரிச்சாத்தான் நிமிக்க முடியும். பிரிச்சான். ரெண்டு நாளு கழிச்சு ஆளு விட்டு என்னையக் கூப்புடுறான். போனா, ஒரு வயரை எடுத்து என் கையில குடுக்குறான்.

இப்பத்தான் நீங்க கவனமாக் கேக்கணும். அந்த ஜீப்புக்கு ரொம்ப நாளைக்கு முன்னாடியே நான் வேற எஞ்சின் மாத்தியிருந்தேன். பெரிய எஞ்சின். பானெட்டுக்குள்ள பேட்டரி வைக்க இடம் பத்தல. நாந்தான் யோசனை பண்ணி, பேட்டரியைப் பின் சீட்டுக்கு அடியில கொண்டுபோய் வச்சேன். அங்கிருந்து முன்னாடிக்கு ரெண்டு வயரு. ஸ்டார்ட்டருக்குப் போறது தடியான வயரு, அது நல்லாத்தான் இருந்துச்சு. லைட்டு, ஹாரன், வைப்பருக்குப் போறது இன்னொண்ணு. பின் தகரத்துக்கு அடியில ஒரு கிளாம்புல இறுக்கியிருந்தேன். அந்தக் கிளாம்புகிட்ட, உள்ள இருக்குற செம்பு அறுந்திருக்கு. மேல இருக்குற தோலு ஒரு கீறல் இல்லாம முழுசா இருக்கு. வெறும் வண்டியா இருந்தா, அறுந்த ரெண்டு முனையும் தோலுக்குள்ள ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கும், கரண்டு போகும். பின்னாடி ஆளு ஏறி உக்காந்தா, தகரம் அமுங்கி வயரை இழுக்கும். முனை விலகிரும். போச்சு.

சூசை வயரை ரெண்டு கையிலயும் பிடிச்சு லேசா இழுத்துக் காட்டுனான். டெஸ்ட் பல்பு அணைஞ்சுது. விட்டான், எரிஞ்சுது. இழுத்தான், அணைஞ்சுது.

"அவன் அன்னைக்கே சொன்னானாமே, ஆளு ஏறுனாத்தான் போகுதுன்னு. எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"ன்னு கேட்டான்.

சொல்லலையா? எனக்கு ஞாபகம் இல்ல. சொல்ற மாதிரி ஒரு விசயமாத் தெரியல எனக்கு. அவனும் ஒரு மாதிரியாத்தான் சொன்னான், 'ஆளைக் குறைப்போம்'னு. சொல்றதைச் சொல்ற விதத்துல சொல்லணுமில்ல? 'அண்ணே, பின் தகரத்துக்கு அடியில வயரு அறுந்திருக்கு'ன்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பிரிச்சிருக்க மாட்டேனா?

சூசை புது வயரு போட்டான். வண்டி இப்பத் தங்கம். பழைய வயரை நான் பழைய இரும்புக்காரன்கிட்டத் தூக்கிப் போட்டுட்டேன். அதுக்கு ஒரு சண்டை. "எங்க அந்த வயரு? நான் வனராஜுகிட்டச் சொல்லிட்டேன், அவன் வக்கீல் கேக்குறாரு"ன்னு சூசை வந்து குதிக்கிறான். பழைய வயரை யாராச்சும் பத்திரமா எடுத்து வைப்பாகளா? அதுவும் சாவு பிடிச்ச வயரு. வீட்டுல வச்சிருக்கவே எனக்கு மனசு ஒப்பல.

அந்த வக்கீல், அரசாங்கம் குடுத்த இலவச வக்கீல், சின்ன வயசு. அவரு சூசைகிட்டச் சொல்லியிருக்காரு: "வயரும் இல்ல, இன்ஸ்பெக்சன்ல கோளாறு இல்லைன்னு இருக்கு, நீங்க ஒருத்தர் மட்டும் சொன்னா எடுபடாது, ஓனர் வந்து சொன்னா கேசு நிக்காது"ன்னு. அதுக்கு வனராஜ் என்ன சொன்னானாம் தெரியுமா? "அண்ணன் சொல்லுவாரு"ன்னானாம். "நான் போயிக் கேக்க மாட்டேன். ஆனா கூண்டுல ஏறுனா அண்ணன் சொல்லுவாரு"ன்னானாம். சூசை இதை எங்கிட்ட வந்து சொல்லிட்டு, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்குறான்.

எங்க வீட்டுக்காரியும் அன்னைக்கு ராத்திரி சோறு போட்டுட்டு எதுக்கால உக்காந்துக்கிட்டா. "என்ன சொல்லப்போறீக?"ன்னா. "கேக்குறதுக்குப் பதில் சொல்லுவேன்"னேன். "பவுன்தாய் எனக்கு மஞ்சக் கயிறு மாத்துறப்ப வெத்தலை எடுத்து வச்சவ"ன்னா. சம்பந்தா சம்பந்தமில்லாமப் பேசுவா. நான் எந்திரிச்சுப் போயிட்டேன்.

உத்தமபாளையம் கோர்ட்டு. என்னையச் சாட்சியாக் கூப்புட்டாக. கூண்டுல ஏறுனேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன், முட்டிதான். அவன் எதுக்கால நின்னான். தாடி வளந்திருந்துச்சு, சட்டை தொளதொளன்னு கெடக்கு. அரசாங்க வக்கீல் கேட்டாரு: "வண்டியில ஏதும் கோளாறு உண்டா?"

உண்டான்னுதான் கேட்டாரு தம்பி. இருந்துச்சான்னு கேக்கல. நீங்க படிச்சவரு, உங்களுக்கு வித்தியாசம் தெரியும். வயரு மாத்தியாச்சு, வண்டி நிக்குது, ஒரு கோளாறும் கெடையாது. "இல்லைங்க"ன்னேன். பொய்யா அது?

அவனோட வக்கீல் எந்திரிச்சாரு. "முன்னாடி எப்பவாச்சும் லைட்டு போகுதுன்னு டிரைவர் உங்ககிட்டச் சொன்னாரா?"ன்னு கேட்டாரு. யோசிச்சேன். டிரைவர்னா தினம் எதையாச்சும் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பான். கிளச்சு இறுக்கமா இருக்குங்குறான், டயர் தேஞ்சிருச்சுங்குறான். "அப்படிக் குறிப்பா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க"ன்னேன். அதை ஆமான்னு சொன்னா என்ன ஆகும்? சொல்லியும் ஓட்டச் சொன்னியான்னு திருப்புவாக. எனக்கும் குடும்பம் இருக்கு. இந்த வயசுல நான் ஜெயில்ல போயிக் கெடக்க முடியுமா? இந்த முட்டியோட?

இறங்கி வந்து பெஞ்சுல உக்காந்தேன். அவனைக் கூப்புட்டாரு ஜட்ஜய்யா. நல்ல மனுசன், பொறுமையாக் கேட்டாரு. "உன் பேர்ல சொல்லப்பட்ட சாட்சியமெல்லாம் கேட்டியா? என்ன சொல்றே?" அவன் வக்கீல் சொல்லிக் குடுத்து வச்சிருந்தாரு, எல்லாம் பொய்னு சொல்லணும்னு. வக்கீல் தலையை வேற ஆட்டுறாரு, சொல்லு சொல்லுன்னு.

இவன் சொல்றான்: "லைட்டு போகும்னு எனக்குத் தெரியும்ங்கய்யா. தெரிஞ்சுதான் ஓட்டுனேன். அவளை முன்னாடி உக்கார வச்சது நாந்தான். இடது பக்கம் ஒடிச்சதும் நாந்தான்."

வக்கீல் அப்படியே உக்காந்துட்டாரு. பின்னாடி அவன் பொண்ணு வாயில துப்பட்டாவை வச்சு அமுத்திக்கிட்டு இருக்கு.

கேட்டீகளா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நான் அவனுக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்லல. ஆனா ஊரு என்னையப் பேசுது. என் வண்டியில ஒரு பொம்பளை ஏறுறதில்ல இப்ப. வீட்டுக்காரி அவன் பொண்ணுக்குச் சோத்தைக் கட்டிக்கிட்டுப் போறா, எனக்கு ஆறிப் போனதைப் போடுறா. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு, நாந்தான் பெரிய மனசு பண்ணி அவனைப் பாக்க வந்தேன். வெளிய வந்ததும் வேற வேலைக்கு ஏதாச்சும் வழி பண்றேன்னு சொல்றதுக்குத்தான் வந்தேன்.

இருங்க, ஒண்ணு விட்டுட்டேன். ஜட்ஜய்யா அதோட விடல. பேனாவைக் கீழ வச்சுட்டு, இன்னொண்ணு கேட்டாரு. "லைட்டு போகும்னு உனக்குத் தெரியும்ங்குற. சரி. உன்னைத் தவிர வேற யாருக்காச்சும் தெரியுமாப்பா? யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

அவன் திரும்பி என்னையப் பாத்தான். நானும் அவனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பெஞ்சை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"இல்லைங்கய்யா"ன்னான். "எனக்கு மட்டுந்தான் தெரியும்."

நல்ல பய தம்பி. அந்த விசயத்துல அவனை ஒரு குறை சொல்ல முடியாது.